பயிர்க்காவல் துப்பாக்கியின் குழல்

உழுதலும் விதைத்தலும் போலவே விளைந்ததைக் காத்தலும் வேளாண்மையின் ஓர் உறுப்பாகும். விதை மண்ணில் விழுந்த நாள் முதல் கதிர் களத்துக்கு வரும் நாள் வரையில் குடியானவனுக்குக் கேளாமல் வரும் பங்காளிகள் பலர். மணிலாக்கொட்டை காய் பிடிக்கும் பருவத்தில் இரவில் வந்து கொடியைக் கிளறும் காட்டுப்பன்றியும் நரியும், வரப்பைத் துளைக்கும் எலியும் பெருச்சாளியும், கிழங்கைத் தோண்டும் முள்ளம்பன்றியும், தோப்பில் இறங்கும் பழந்தின்னி வௌவாலும், கம்பங்கதிரில் அமரும் கிளியும் ஆகிய இவையெல்லாம் தத்தம் பாகத்தைக் கொண்டபின் மிஞ்சியதே நம் முன்னோர் வீட்டுக் குதிருக்கு வந்து சேர்ந்தது. தினைப்புனம் காத்தோர்க்குக் கவண், தட்டை, குளிர் முதலிய கருவிகள் இருந்தன என்று சங்க நூல்கள் கூறும். பிற்காலத்தில் பரணும் தகரமும் தீப்பந்தமும் வந்தன; அவற்றின்பின் துப்பாக்கி வந்தது.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் பயிர்க்காவலுக்கென்று குடியானவர் கையில் இருந்த துப்பாக்கி எத்தகையது, அஃது ஏன் அத்தகையதாயிற்று என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். பொருள் சிறிது போலத் தோன்றலாம். ஆயினும் நம்மவர் வீடுகளிற் சிலவற்றில் பாட்டனார் பெயரிலுள்ள லைசென்ஸும், பரணிலோ பெட்டியிலோ ஒரு துப்பாக்கியும் இன்றும் இருக்கக்கூடும். அவற்றைப் பற்றிச் சட்டம் கேட்கும் கேள்வி சிறிதன்று.

துப்பாக்கியின் உயிர் அதன் குழலில் இருக்கிறது. கட்டையும் விசையும் மாற்றத்தக்கவை. குழல் எத்தகையதோ அத்தகையதே துப்பாக்கி. குழலில் இரண்டு ஜாதி உண்டு. உட்புறம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருப்பது ஒன்று. உட்சுவரில் திருகாணியின் மரைபோல நீளப் பள்ளங்கள் சுற்றிச் செல்வது மற்றொன்று. பின்னதற்கே ரைபிள் என்று பெயர். மரைக்குழலின் வழியே செல்லும் குண்டு அம்மரையின் பிடியில் சுழன்றுகொண்டே வெளிவருகிறது. சுழலும் பம்பரம் சாயாது நிற்பது போலச் சுழலும் குண்டும் தலைதடுமாறாது நேரே செல்கின்றது. வழவழப்பான குழலில் இட்ட ஒற்றைக் குண்டோ குழலின் இரு பக்கத்திலும் இடித்துக்கொண்டு வெளிவந்து தன் மனம்போன போக்கில் போகும். ஆதலின் அக்குழலில் ஒற்றைக் குண்டினும், ஒரு கைப்பிடி ஈய ரவைகளை இட்டு விசிறினாற்போலச் சுடுவதே பொருத்தம். பறக்கும் பறவைக்கும் ஓடும் முயலுக்கும் ரவை. தொலைவில் அசையாது நிற்கும் இலக்குக்கு ரைபிள் குண்டு. இதுவே உலகெங்கும் வேட்டைக்காரர் கண்ட முறை.

மேனாட்டில் பயிர்ப்பகையான சிறு பிராணிகளைச் சுடுவதற்கென்றே சிறு ரைபிள்கள் தோன்றின. இங்கிலாந்தில் பண்ணைக் காகங்களையும் முயல்களையும் சுட 'ரூக் ரைபிள்' என்னும் மெல்லிய துப்பாக்கிகள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே வழங்கின. பின்பு அவற்றின் இடத்தை .22 என்னும் அளவு பற்றிக்கொண்டது. இவ்வெண் குழலின் விட்டத்தைக் குறிக்கும். அங்குலத்தை நூறாகப் பகுத்து அதில் 22 பங்கு. 1887-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த '.22 லாங் ரைபிள்' தோட்டாவே இன்றளவும் உலகில் மிகுதியாகச் செலவாகும் தோட்டாக்களுள் ஒன்று. அதன் குண்டு வழக்கமாக 40 கிரெயின் நிறை, அதாவது 2.6 கிராம், நம் பெண்டிர் காதிலணியும் கம்மலின் எடைதான் இருக்கும். விநாடிக்குச் சுமார் 1,100 முதல் 1,250 அடி வேகத்தில் செல்லும். அமெரிக்கர் தம் பேச்சில் பயிர்ப்பகைப் பிராணியை 'வார்மின்ட்' என்பர். 'வெர்மின்' என்னும் ஆங்கிலச் சொல்லின் கொச்சையே அது. அவற்றைச் சுடுவதை அங்கே ஒரு கலையாகவே வளர்த்துவிட்டனர். 1930-ஐ ஒட்டி '.22 ஹார்னட்' தோட்டாவும், 1935-இல் '.220 ஸ்விப்ட்' தோட்டாவும் வந்தன. ஸ்விப்ட்டின் குண்டு விநாடிக்கு 4,000 அடிக்கு மேல் பாய்ந்தது. அவ்வேகத்துக்கு விலையும் உண்டு. எரியும் மருந்தின் வெம்மை குழலின் அடிப்பகுதியை விரைவில் அரித்துவிடும்.

இத்தகைய ரைபிளைத் தெரிந்தெடுப்போர் அங்கே குழலைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்பர். மரை எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பது முதற்கேள்வி. .22 லாங் ரைபிளுக்குப் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு நீண்டதாக ஆக ஆகச் சுற்றும் விரைவாக வேண்டும்; இல்லையேல் பம்பரம் தள்ளாடும். குழல் பருத்ததா மெல்லியதா என்பது அடுத்தது. பருத்த குழல் சூடேறினாலும் எளிதில் நெளியாது, அதிர்வும் குறைவு. ஆனால் தோளில் சுமந்து வயல்வரப்பில் நடப்பவனுக்கு அஃது இரும்பு உலக்கை. ஒரே இடத்தில் படுத்துச் சுடுவோர்க்குப் பருத்தது, நடந்து காவல் காப்போர்க்கு மெல்லியது. மூன்றாவது நீளம். இதிற்றான் பலர் ஏமாறுகின்றனர். நீண்ட குழல் வேகத்தைக் கூட்டும் என்பது பழைய கரிமருந்துத் துப்பாக்கிக்கு உண்மை. .22 தோட்டாவில் உள்ள சிறிதளவு மருந்து 16 அல்லது 18 அங்குலத்துக்குள் தன் வேலையை முடித்துவிடுகின்றது. அதற்கு மேல் நீளம் இருப்பது குறிபார்ப்பதற்கு வசதி. வேகத்துக்கு ஒன்றும் இல்லை.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். இத்தனை நுணுக்கமும் நம் குடியானவனுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. அவன் கையில் இருந்தது வாய்வழி மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, உள்ளே வழவழப்பு. கரிமருந்தைக் கொட்டி, தேங்காய்நாரோ கந்தையோ வைத்து இடித்து, ரவையைப் போட்டு, மீண்டும் அடைத்து, கேப்பு வைத்துச் சுடவேண்டும். முதல் வெடி தவறினால் மறுவெடிக்கு ஆயத்தமாவதற்குள் பன்றி அடுத்த ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். ரைபிள் எங்கும் கிடைக்காததால் அன்று. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகார வியாபாரத்துக்குப் பேர்போன பி. ஆர் கம்பெனியார் தம் பெயர் பொறித்த துப்பாக்கிகளையும் விற்றனர். பர்மிங்ஹாம் பி.எஸ்.ஏ. கம்பெனியின் .22 ரைபிள்களும் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றை வாங்கியோர் துரைமாரும் தோட்ட முதலாளிகளும் ஜமீன்தார்களுமே.

ஏன் இவ்வேற்றுமை? காசு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் காசினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. அதன் வேர் 1857-இல் இருக்கிறது.

பூவிருந்தவல்லியில் பழைய கோட்டையொன்று இருந்ததும், ஆங்கிலேயர் காலத்தில் அவ்வூர் ஐரோப்பியப் பட்டாளத்தார் தங்கும் தண்டாக இருந்ததும் நம்மவர் அறிந்ததே. அக்காலத்து ஆங்கிலப் பட்டாளத்துக்குப் புதிதாக வந்தது 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிள். 39 அங்குலக் குழல், .577 அங்குல விட்டம், உள்ளே மூன்று மரைப்பள்ளங்கள். அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றிய பேச்சே வடநாட்டுச் சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பற்றுக்கோடாயிற்று என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கின்றனர். கிளர்ச்சி அடங்கியபின் துரைத்தனத்தார் செய்ததைத்தான் பலர் அறியார். இந்தியச் சிப்பாய்களுக்கென்று அதே என்பீல்டின் உருவத்தில் வேறொரு துப்பாக்கியைச் செய்வித்தனர். வெளித்தோற்றம் ஒன்றே, உள்ளே மரை இல்லை, குழலின் விட்டமும்.65 அங்குலமாக அகற்றப்பட்டது. வெள்ளைச் சிப்பாயின் குண்டு பல நூறு கஜம் குறிதவறாது செல்ல, கறுப்புச் சிப்பாயின் குண்டு நூறு கஜத்துக்கப்பால் எங்கே போகுமென்று அவனுக்கே தெரியாதபடி ஆயிற்று. குழலின் உட்புறத்தை வைத்து ஆளுவோரையும் ஆளப்படுவோரையும் பிரித்த இச்செயலுக்கு நிகரான ஒன்றை நம் தேச சரித்திரத்தில் காண்டல் அரிது என்பது நமது கருத்து.

பட்டாளத்தில் செய்ததைப் பின்பு நாட்டிலும் செய்தனர். லிட்டன் பிரபு வைஸிராயாக இருந்த 1878-ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்றாகிய ஆயுதச் சட்டம் கையைக் கட்டியது. பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு 1882-இல் நீக்கிவிட்டார். ஆயுதச் சட்டமோ சுதந்திரத்துக்குப் பின்னும் பல்லாண்டு உயிரோடிருந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும்; ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் வேண்டியதில்லை என்பது அதன் நடைமுறை. 1887-இல் சென்னை மக்கீஸ் தோட்டத்தில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய மூன்றாவது காங்கிரஸில் இச்சட்டத்தை எதிர்த்து இளைஞர் விபின சந்திர பாலர் பேசினார். இன அடிப்படையிலான விலக்கு முதல் உலகப்போருக்குப் பின், 1920-ஆம் ஆண்டு விதிகளிலேதான் நீங்கியது. குடகர் மட்டும் 1861 முதல் தம் இனத்தின் பெயராலேயே விலக்குப் பெற்றிருந்தனர். அவ்விலக்கை இந்திய அரசாங்கம் 2019-இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டியிருக்கிறது. ஒரு சமூகத்தார்க்கு இருக்கும் சலுகை மற்றொரு சமூகத்தார்க்கு ஏன் இல்லை என்று நம் இளைஞர் சிலர் வினவலாம். குடகர்க்கு அஃது ஆங்கிலேயரிடம் காட்டிய விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு. அவ்விலையில் அதைப் பெற நம் முன்னோர் முந்தவில்லை என்பதற்கு நாம் வருந்த வேண்டியதில்லை.

குழலின் அளவிலும் இதே ஐயம் தொடர்ந்தது. பட்டாளத்தின் தோட்டா வெளியார் துப்பாக்கியில் பொருந்தக்கூடாதென்று, 1907-ஐ ஒட்டி .450 முதலிய அளவுகள் இந்தியாவில் தடுக்கப்பட்டன. .303-உம் பொதுமக்களுக்கு விலக்கு. ஆதலின் வேட்டைத் துப்பாக்கி செய்வோர் .470, .315 என்று புதுப்புது அளவுகளுக்குத் தாவினர். வங்காளத்து இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை பொதுமக்களுக்குச் செய்துவரும் .315 ரைபிள் அந்தத் தடையின் பேரப்பிள்ளையே.

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-இல் நிறைவேறி, 1962 அக்டோபர் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதன் 13-ஆம் பிரிவை நம் அன்பர்கள் ஒருமுறையேனும் படித்துப் பார்க்கவேண்டும். பயிர்க்காவலுக்கு உண்மையாக வேண்டுவோர்க்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் அளிக்கவேண்டும். அது போதாதென்று அதிகாரிக்குத் தோன்றினால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கு அளிக்கலாம். தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல். அதே பிரிவில் .22 ரைபிளின் பெயரும் வருகிறது, யாருக்கு? அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கத்து உறுப்பினருக்கு, இலக்குப் பலகையில் பழகுவதற்கு. பயிர்க்காவலனுக்கு அன்று. ஆக, மேனாட்டார் பயிர்ப்பகைக்கென்றே உண்டாக்கிய சிறு ரைபிள் நம் நாட்டில் காகிதப் பலகைக்குப் போயிற்று. வயலுக்கு வழவழப்புக் குழல் வந்தது. 1857-இல் இழுத்த கோடு 1959-லும் அழியவில்லை.

இவ்வளவும் கூறியபின் நேர்மையாக மற்றொன்றையும் கூறவேண்டும். ஐயத்தினால் செய்த காரியம் நம் வட்டாரத்து நிலத்துக்குத் தற்செயலாகப் பொருந்திவிட்டது. செங்கற்பட்டு ஜில்லாவின் வடபகுதி மேடுபள்ளம் அதிகமில்லாத சமவெளி. ஊருக்கு ஊர் ஏரி. செம்பரம்பாக்கம், பருத்திப்பட்டு, அம்பத்தூர், புழல் என்று நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கிறது. .22 குண்டு சிறிதென்று எண்ணவேண்டா; தடுக்க ஒன்றும் இல்லையாயின் ஒரு மைலுக்கு மேலும் செல்லும். தாழ்ந்த கோணத்தில் நீரிலோ கெட்டித்தரையிலோ பட்டால், சிறுவர் எறியும் ஓட்டாஞ்சில்லு குளத்தில் தத்திச் செல்வது போலத் தத்தி எழுந்து வேறு திசையிற் போகும். குண்டுக்குப் பின்னால் மண்மேடு இருந்தாலன்றி ரைபிளைச் சுடலாகாது என்பது மேனாட்டாரும் முதலில் கற்பிக்கும் பாடம். ஏரிக்கரைக்கு அப்பால் நாற்று நடும் பெண்டிரும், மாடு மேய்க்கும் சிறுவரும் இருக்கும் நம் வயலில் அம்மேடு எங்கே? ரவையோ 40 கஜத்துக்கு மேல் பயன்படாது. 300 கஜத்துக்குள் வலுவிழந்து விழுந்துவிடும். நம் ஏரிக்கழனிகளில் உள்ளான் சுட வந்த துரைமாரும் ரைபிளை மலைக்கு வைத்துவிட்டு, இங்கே வழவழப்புக் குழலையே கொண்டுவந்தனர். காகத்துக்கும் எலிக்கும் ஏற்ற .22 காட்டுப்பன்றியின் தோலுக்குப் போதாது; பன்றிக்குப் போதிய .315 நம் சமவெளியில் இன்னும் அபாயம். நம் பாட்டனார் கையில் முழுச் சுதந்திரம் இருந்திருந்தாலும் அவர் தெரிந்தெடுத்திருக்க வேண்டியது பன்னிரண்டு போர் வழவழப்புக் குழலே என்பது நமது துணிபு. (பன்னிரண்டு என்பது ஒரு பவுண்டு ஈயத்தில் அக்குழலுக்கேற்ற குண்டு பன்னிரண்டு வார்க்கலாம் என்னும் கணக்கு.) ஆனால் தெரிந்தெடுப்பது வேறு, பிறர் ஐயத்தால் நம் கையில் திணிக்கப்படுவது வேறு.

வாய்வழித் துப்பாக்கிக்கோ இந்தப் புகழும் முழுதும் இல்லை. அதன் ரவை பன்றியைக் கொல்வதினும் காயப்படுத்துவதே மிகுதி. காயம்பட்ட பன்றி காலையில் கரும்புக்குள் கிடந்து, அறியாது நுழைந்தவன் தொடையைக் கிழிக்கும். அத்துப்பாக்கியைக் கையாளத் திறம்பெற்றோர் நம்மினும் நரிக்குறவரே. வயலில் நரியும் கொக்கும் சுட்டுத் திரிந்த அவர்களுடைய குடியிருப்பு ஆவடியிலும் உண்டு. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. எலியைப் பொறுத்தவரையில் எந்தக் குழலும் வீண். வரப்பைத் தோண்டி, வளையில் புகையூதி எலி பிடிக்கும் இருளர்க்கு நிகர் ஒருவருமில்லை. பயிர்ப்பகையில் பெரும்பகை எலியே. அதனை அடக்கியோர் துப்பாக்கி ஏந்தியதில்லை.

வயலில் இறங்குவதெல்லாம் பகையன்று என்பதையும் நம் ஜில்லாக் குடியானவர் பண்டே அறிந்திருந்தனர். மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் நாரைகளைச் சுடவே, ஊரார் திரண்டு கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடலாகாது என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கௌல் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் நெல்லுக்கு உரமென்பது அவர்களுக்குத் தெரியும். துப்பாக்கி கேட்டு மனுக்கொடுத்த ஊர்கள் பலவாக, துப்பாக்கியை நிறுத்தக் கேட்டு மனுக்கொடுத்த ஊரும் நம் ஜில்லாவிலேயே உண்டு.

இது நிற்க. மரைக்குழலா வழவழப்புக் குழலா என்னும் வழக்கு நம் வட்டாரத்தில் இன்னும் ஓயவில்லை, உருவந்தான் பெருத்துவிட்டது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் வெளிவந்த விஜயந்தா டாங்கியின் பீரங்கி 105 மில்லிமீட்டர் மரைக்குழல். பின்பு அங்கே செய்யப்பட்ட அஜேயா, பீஷ்மா டாங்கிகளின் 125 மில்லிமீட்டர் பீரங்கி வழவழப்பு. ஆவடியிலேயே வரைந்து உருவாக்கிய அர்ஜுன் டாங்கியிலோ 120 மில்லிமீட்டர் மரைக்குழல். ஒருகாலத்தில் தாழ்ந்த ஜாதியென்று கருதிய வழவழப்புக் குழல் இன்று உலகத்துப் பெரும்பாலான புதிய டாங்கிகளில் ஏறி அமர்ந்திருப்பது ஒரு வேடிக்கை.

இனி இன்றைய நிலை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டை லைசென்ஸ் முறையை முற்றும் ஒழித்துவிட்டன. காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவற்றைப் பயிர்ப்பகை என்று கூறிய ஐந்தாம் அட்டவணையும் 2023 ஏப்ரல் 1 முதல் இல்லை. ஆகவே பயிர்க்காவல் லைசென்ஸ் கையில் இருப்பது கொண்டு எவ்விலங்கையும் சுடலாம் என்று எண்ணுவது பெரும்பிழை. மயிலைத் தொட்டால் சிறை. காட்டுப்பன்றியைப் பற்றித் தமிழ்நாட்டு அரசாங்கம் 2025 ஜனவரியில் ஒரு முறை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கப்பால் சுடலாம், ஆனால் சுடவேண்டியவர் பயிற்சி பெற்ற வனத்துறையினரே. குடியானவன் துப்பாக்கி ஓசை எழுப்பி விரட்டும் கருவியாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் தேர்தல் வந்தால், அறுவடைக் காலமாயினும், போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். பன்றிக்குத் தேர்தல் தெரியாது.

நம்மவர்க்கு நேரே உறைப்பது மற்றொன்று. பயிர்க்காவல் லைசென்ஸ் பயிரையும் நிலத்தையும் பற்றியது. அம்பத்தூர்க் கழனி 1964 முதல் தொழிற்பேட்டையாயிற்று. ஆவடி, பூவிருந்தவல்லிப் புஞ்சைகள் மனைகளாயின. நிலம் போனபின் அந்த லைசென்ஸுக்கு ஆதாரமாக நின்ற காரணமே போய்விடுகிறது. லைசென்ஸுடையார் காலமானபின் துப்பாக்கியை வீட்டில் வைத்திருத்தல் லைசென்ஸின்றி ஆயுதம் வைத்திருத்தலேயாகும். 'தாத்தா ஞாபகார்த்தம்' என்பது கோர்ட்டில் நில்லாது. சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதைத் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கவேண்டும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி வாரிசுதாரர் தம் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுச்செய்யலாம். ஒப்படைத்தபின் மனுச்செய்வதால் உரிமை கெடாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. லைசென்ஸின் ஆயுள் ஐந்தாண்டு. ஆவடிக்கு 2022 ஜனவரி 1 முதல் தனிப் போலீஸ் கமிஷனர் இருக்கிறார். கமிஷனர் எல்லைக்கு வெளியே உள்ள கிராமத்தார் கலெக்டர் கச்சேரியை நாடவேண்டும். ஒப்படைக்கும்போது குழலில் பொறித்துள்ள எண்ணும் தயாரித்தோர் பெயரும் ரசீதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குக. வாய்வழித் துப்பாக்கியாயின், கொண்டுசெல்லுமுன் உள்ளே பழைய மருந்து கெட்டித்தபடியே இருக்கின்றதா என்பதை அறிந்தவர் ஒருவரைக்கொண்டு சோதிப்பித்தல் வேண்டும். கரிமருந்து ஈரமின்றி இருந்தால் ஐம்பது ஆண்டு கழிந்தும் வெடிக்கும்.